சட்டைக் கழுத்தைத் தொட்ட கை

மன்னிக்க வேண்டும் ஐயா. இந்த ஒலிபெருக்கிக் குழாயின் விளிம்பு தங்கள் முழங்காலில் இடிக்கிறது என்பதை நான் அறிவேன். மேலே உள்ள கம்பித் தட்டில் வைக்கலாமென்றால் இதற்கு வாய் பெரிது. கீழே வைக்கலாமென்றால் தரையெல்லாம் மீன் கூடைத் தண்ணீர். ஆகவே மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைத்தாய்ச்சி போல் இருக்கிறேன் என்று நடத்துநர் ரசல்ராஜ் சொல்லிவிட்டுப் போகிறார். சொல்லட்டும்.

தாங்கள் வெளியூர் என்று தெரிகிறது. இந்த வழித்தடத்தில் வழக்கமாகச் செல்வோர் என் அருகில் அமர்வதில்லை. அமர்ந்தால் பேசுவேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

நான் கொம்பன்துறையில் இறங்க வேண்டும். அங்கே பெர்ஜின் என்ற இளைஞனிடம் ஒரு சொல் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த ஒரு சொல்லால் அவன் பெயர் துலங்கும். அவன் கல்லூரிக்குத் திரும்புவான். எங்கள் அணியின் பின்களம் மீண்டும் பின்களம் ஆகும். சொல்லாவிட்டால், ஊரார் அவனை அழைக்கும் பெயர் அவனுக்கு நிலைத்துவிடும். ஆகவே கட்டாயம் இறங்குவேன். பயணச்சீட்டை மட்டும் கொம்பன்துறைக்கு அப்பால், கடைசி நிறுத்தம் வரைக்கும் வாங்கியிருக்கிறேன். முன்னெச்சரிக்கை.

"பாட்டா, இன்னைக்காவது எறங்குவீரா, இல்ல கடைசி வர போயிட்டு எங்கூட திரும்பி வருவீரா?"

கேட்டீர்களா? இத்தனை பேர் முன்னிலையில் நடத்துநர் கேட்கிற கேள்வியா இது? முன்பும் நான் வந்ததுண்டு, மறைப்பதற்கில்லை. ஒரு முறை மழை பெய்தது. ஒலிபெருக்கி மழையில் நனையலாகாது. இன்னொரு முறை கோயில் வாசலில் பெருங்கூட்டம். ஒலிபெருக்கியோடு செல்பவனுக்குக் கூட்டம் நல்லதுதானே என்று தாங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அன்று என்னிடம் அதைக் கேட்க ஆளில்லை.

என் பெயர் ஞானதாஸ். பனங்காவிளையில் ஞானதாஸ் ஒலிபெருக்கி நிலையம் என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். மைக் செட் கடை என்று கேட்டால் இன்னும் விரைவாகக் காட்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பிற்கு மேல் நான் படித்ததில்லை. ஆயினும், கல்யாண வீட்டிலும் கட்சிக் கூட்டத்திலும் பேச வந்த புலவர்களுக்கெல்லாம் மைக் பிடித்துக் கொடுத்தவன் நான். அவர்கள் பேசி முடித்தபின் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டே அந்த வாக்கியங்களைத் திரும்பச் சொல்லிப் பார்ப்பேன். படிப்பகத்தில் இருந்த நூல்களை ஒவ்வொன்றாக முடித்தேன். இன்று என் வாயில் எழுவாய்க்கும் பயனிலைக்கும் பிணக்கு வராது. இதனைத் தற்பெருமையாகக் கொள்ளாதீர்கள். பின்னால் நான் சொல்லப்போகும் கேட்டிற்கு இதுவே வேர்.

எங்கள் கல்லூரியின் காற்பந்தாட்ட அணியைப் பற்றித் தாங்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. உலகத்தார் கோல் போடுவதைப் பார்க்க மைதானத்திற்குப் போகிறார்கள். பனங்காவிளையார் கோல் விழாமல் போவதைப் பார்க்கப் போவார்கள். எங்கள் முன்களத்தார் சுமாரானவர்கள். ஏதோ ஒன்று போடுவார்கள், போடாமலும் இருப்பார்கள். ஆனால் பின்களத்தில் நிற்கும் நால்வர் இருக்கிறார்களே, அவர்களிலும் நடுவில் நிற்கும் இருவர் இருக்கிறார்களே! ஆதிலிங்கம், பெர்ஜின். 'இரட்டைத் தாழ்ப்பாள்' என்று அவர்களுக்குப் பட்டம் சூட்டியவன் நான்தான்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மற்ற ஊர்களில் மக்கள் எதிரணியின் கோல் பக்கமாகக் கூடுவார்கள். நாங்கள் எங்கள் கோலுக்குப் பின்னால் அமர்வோம். பாதி ஆட்டம் முடிந்து அணிகள் பக்கம் மாறும்போது, நாங்களும் பாய், குடை, கடலைப் பொட்டலம் சகிதம் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போவோம். மூங்கிலில் கட்டிய குழாய்களைத் தூக்கிக்கொண்டு நானும் போவேன். வேற்றூர் நடுவர்கள் கலவரமோ என்று முதலில் அஞ்சுவார்கள். பந்து அந்தப் பக்கமே நெடுநேரம் உருண்டுகொண்டிருந்தால் எங்கள் மணியன் கொத்தனார் எழுந்து நின்று, "லேய், போதும்லேய், பந்த இங்க விடுங்கலேய்! ஆட்டம் பாக்க வந்தமா, அவனுவ முதுக பாக்க வந்தமா?" என்று நம் முன்களத்தாரையே திட்டுவார்.

ஆதிலிங்கம் பந்தைத் தேடிப் போகிறவன். பாய்வான், சறுக்குவான், எழும்போது உடம்பெல்லாம் சேறாக எழுவான். பெர்ஜின் அப்படியல்லன். பந்து எங்கே வரவேண்டுமோ அங்கே முன்கூட்டியே நிற்பான். ஆட்டம் முடியும்போது அவன் சட்டையில் மண் இராது. கடற்கரை மணலில் ஆடிப் பழகியவன். மணலில் அநாவசியமாக ஓடினால் கால் ஓய்ந்துவிடும், ஆகையால் ஓடாமல் ஆடக் கற்றுக்கொண்டான் என்று பயிற்சியாளர் சொல்வார். எங்களில் சிலர் பெர்ஜின் சட்டையை ஆட்டத்திற்குப் பின் தொட்டுப் பார்த்து, "மடிப்பு கூட கலையல்லடே!" என்று வியப்பார்கள். அவன் சிரிப்பான். பேச்சு குறைவு.

ஆஃப்சைடு என்னும் விதி தங்களுக்குத் தெரியுமா? தெரிந்தாலும் சொல்கிறேன். பந்து உதைக்கப்படும் கணத்தில், எதிரணிக்காரன் நம் கடைசித் தடுப்பாளனையும் தாண்டி நின்றால், கோல் காக்கும் நமது கோலிக்கு எதிரே அவன் மட்டும் நின்றால், அது குற்றம். ஆகவே எங்கள் நால்வரும் ஒரு தந்திரம் செய்வார்கள். அவன் பந்தை எதிர்பார்த்து நிற்கும் கணத்தில் நால்வரும் ஒன்றாக ஓரடி முன்னே வைத்துவிடுவார்கள். அவன் அசையவே இல்லை, ஆனாலும் குற்றவாளி. கோட்டோரம் நிற்கும் லைன்ஸ்மேனின் கொடி உயரும். ஆளைத் தொடாமல், நின்ற இடத்திலேயே ஒருவனைக் குற்றவாளி ஆக்கும் வித்தை ஐயா அது. நால்வரில் ஒருவன் அரைக் கணம் பிந்தினாலும் கெட்டது.

நால்வரும் எப்படி ஒரே கணத்தில் நகர்கிறார்கள்? மற்ற அணிகளில் நடுவில் நிற்பவன் குரல் கொடுப்பான். எங்கள் மைதானத்தில் குரல் கேட்காது. என் ஒலிபெருக்கியின் ஆற்றல் அத்தகையது. நேர்முக வர்ணனை தொடங்கிவிட்டேனென்றால் நடுவரின் விசிலே ஆட்டக்காரர்களுக்குச் சில வேளைகளில் எட்டாது. ஆகையால் அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் ஓர் அடையாளம் வைத்துக்கொண்டார்கள். யாருக்கும் சொல்லவில்லை. பயிற்சியாளருக்கே தெரியுமோ என்னவோ. ஆனால் நான் கண்டுபிடித்தேன்.

பருவம் முழுவதும் அவன் பின்னாலேயே அமர்ந்து பார்த்தவன் அல்லவா நான்? பெர்ஜின் தன் வலது கையால் சட்டையின் கழுத்துப் பட்டையை மெல்லத் தொடுவான். வியர்வை துடைப்பது போல இருக்கும். தொட்டான் என்றால், நால்வரும் ஓரடி. கொடி உயரும். இதனை முதன்முதல் கண்டுகொண்ட நாளில் நான் வீட்டில் சோறு உண்ணவில்லை. அத்தனை மகிழ்ச்சி. நூல்களில் நயம் காண்பது போல ஆட்டத்தில் நயம் கண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

இறுதிப் போட்டி வரை சொல்லவில்லை.

இறுதிப் போட்டி எங்கள் மைதானத்திலேயே நடந்தது. எதிரணி, மலையோரத்துக் கல்லூரி. அவர்களின் முன்களத்தில் ஜெனோ என்பவன் ஆடினான். அவன் பெர்ஜினின் தாய்மாமன் மகன். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் சிறப்பு விருந்தினராக ஒரு தமிழ்ப் பேராசிரியர் வந்திருந்தார். என் வர்ணனையைக் கேட்டு ஒருமுறை தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு என்னை என்ன செய்தது என்று எப்படிச் சொல்வேன்? முதல் பாதி. கோல் எதுவும் இல்லை. ஜெனோ ஓடி வருவான், பெர்ஜினின் கை எழும், நால்வரும் ஓரடி, கொடி. மறுபடியும் ஓடி வருவான், மறுபடியும் கொடி. ஜெனோ தரையை உதைத்தான். பனங்காவிளை ஆர்ப்பரித்தது. ஆனால் எதற்காக ஆர்ப்பரிக்கிறோம் என்பதை அறியாமல் ஆர்ப்பரித்தது. அந்த அறியாமை என்னை வருத்தியது ஐயா. சுவைஞர்கள் நயம் அறியாமல் சுவைக்கலாமா?

நான் மைக்கை உதட்டருகே கொண்டுவந்தேன். "அன்பர்களே! இது தற்செயல் என்றா எண்ணினீர்கள்? பெர்ஜினின் வலது கையைப் பாருங்கள். அது சட்டைக் கழுத்தைத் தொடும் கணத்தில் எங்கள் கோட்டை ஓரடி நகர்கிறது. பகைவன் நின்ற இடத்திலேயே பிடிபடுகிறான். கை அல்ல அது, சாவி!"

பேராசிரியர் கைதட்டினார்.

அடுத்த முறை பெர்ஜினின் கை எழுந்தபோது, எங்கள் கூட்டம் முழுவதும் ஒரே குரலில், "தொட்டாச்சு!" என்று முழங்கியது. கொடி உயர்ந்தது. அதற்கும் அடுத்த முறை, அவன் கை எழும் முன்பே குழந்தைகள் "தொடு, தொடு!" என்று கூவினார்கள். அதைவிட இனிய ஓசையை நான் கேட்டதில்லை. ஒரு மைதானமே நயம் அறிந்துவிட்டது, என்னால்.

பெர்ஜின் ஒரு முறை என் பக்கம் திரும்பினான். உள்ளங்கையைக் காட்டி இப்படி, இரண்டு தரம் அசைத்தான். வேண்டாம் என்பது போலவும் அதைக் கொள்ளலாம். நான் வணக்கமாகக் கொண்டேன். வணக்கத்திற்கு ஒலிபெருக்கியிலேயே நன்றியும் சொன்னேன்.

தாங்கள் இப்போது என்னைப் பார்க்கிற பார்வை எனக்குப் புரிகிறது. எதிரணியினருக்கும் காது உண்டே என்பதுதானே? ஐயா, உண்மையைச் சொல்கிறேன். அது எனக்குத் தோன்றவே இல்லை. ஒலிபெருக்கி நம்முடையது, மைதானம் நம்முடையது, தமிழ் என்னுடையது, ஆகவே கேட்பவர்களும் நம்மவர்களே என்று இருந்துவிட்டேன். எனக்கு மட்டுமா தோன்றவில்லை? அங்கே இருந்த அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. "தொட்டாச்சு" என்று கூவியவர்களில் வழக்கறிஞர் இருவர் இருந்தார்கள்.

இரண்டாம் பாதி. பாயும் குடையுமாக மறுபக்கம் போய் அமர்ந்தோம். ஜெனோ முன்னால் நின்றான். பந்து வந்தது. பெர்ஜினின் கை எழுந்தது. "தொட்டாச்சு!" என்றோம். நால்வரும் ஓரடி வைத்தார்கள். ஜெனோ இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, எனக்கும் இந்தப் பந்துக்கும் தொடர்பில்லை என்பது போல் அப்படியே நின்றுவிட்டான். பந்தைத் தொடவே இல்லை. அவனுக்கு வெகு பின்னாலிருந்து ஒருவன் ஓடி வந்தான். பின்னாலிருந்து வருபவன் குற்றவாளி ஆகமாட்டான் அல்லவா? எங்கள் நால்வரும் ஓரடி முன்னே வைத்து விட்டுவந்த வெற்றிடத்தில் அவன் நுழைந்தான். கோலிக்கு எதிரே அவன் ஒருவனே. கொடி உயரவில்லை.

எங்கள் கோலில் பந்து விழும் ஓசையை அந்தப் பருவத்தில் அன்றுதான் கேட்டோம். வலை என்பது இப்படி ஒலிக்கும் என்பதே எங்களுக்கு மறந்திருந்தது.

அதற்குப் பின் பெர்ஜின் கையைத் தூக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே ஆடினான். நாங்கள், "தொடு, தொடு" என்று கெஞ்சினோம். ஆட்டம் முடிந்தது. ஒரே கோல். கோப்பை போயிற்று.

இனிச் சொல்லப்போவதுதான் நான் வெட்கப்படுவது. இதுவரை சொன்னதற்கு நான் வருந்துகிறேன், வெட்கப்படுவது இதற்குத்தான்.

மைதானம் அடங்கிக் கிடந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமென்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னுள் ஒரு கேள்வி: எங்கள் இரகசியம் எப்படி வெளியேறிற்று? கேள்வி வந்ததும் வாக்கியம் தானாக வந்துவிட்டது. "அன்பர்களே! இந்தத் தாழ்ப்பாளை வெளியிலிருந்து யாரும் திறக்கவில்லை. உள்ளேயிருந்து திறந்திருக்கிறார்கள். மாமன் மகன் எந்தச் சட்டை அணிந்திருக்கிறான் என்று பாருங்கள்."

வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டது ஐயா. அதுதான் கேடு. இடையில் ஒரு சொல் இடறியிருந்தால்கூட நான் நிறுத்தியிருப்பேன்.

பிறகு மணியன் கொத்தனார், "லேய் பெர்ஜினு! மாமன் வீட்டு மீன் கொழம்புக்கு வித்துட்டியாலேய் எங்கள?" என்றார். அதுவரை அவனுடைய சட்டை மடிப்பைத் தொட்டு வியந்தவர். பின் எல்லோரும் கத்தினார்கள். ஒரு செருப்பு பறந்து போய் அவன் அருகில் விழுந்தது. ஆதிலிங்கம் கயிற்று வேலி வரை ஓடி வந்து, "வாய மூடுங்கலேய்! கூவினது நீங்களா அவனாலேய்?" என்று அலறினான். அவன் சொன்னதும் என் காதில் விழுந்தது. பொருள் மட்டும் விழவில்லை. பெர்ஜின் சட்டையைக் கழற்றினான். மடித்தான். கோல் கோட்டின்மேல் வைத்தான். வெறும் மார்போடு மைதானத்தின் நடுவே நடந்து வெளியேறினான். அதன்பின் அவன் கல்லூரிக்கு வரவில்லை. இறுதி ஆண்டு மாணவன். இப்போது தகப்பனாரோடு கடலுக்குப் போகிறான் என்கிறார்கள்.

மறுநாள் ஆதிலிங்கம் என் கடைக்கு வந்தான். "பாட்டா, அவன் யாருகிட்டயும் சொல்லல்ல" என்றான். "அப்படியானால் வேறு யார் சொல்லியிருக்கக்கூடும், தம்பி?" என்று நான் அமைதியாகவே கேட்டேன். அவன் சுவரில் தொங்கிய இந்தக் குழாயைக் காட்டி, "அதுகிட்ட கேளும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். பெரியவர்களிடம் பேசும் முறையா இது என்று எனக்குச் சினம் வந்தது. அந்தச் சினத்தில் சில நாட்கள் கழிந்தன.

பின்னர் மலையோரத்துக் கல்லூரியின் அணித்தலைவன் வந்தான். பணிவான பிள்ளை. நான் நாற்காலி காட்டியும் உட்காரவில்லை.

"பாட்டா, கப்பு அடிச்சதுக்கு விழா வச்சிருக்கோம். உங்க மைக் செட்டுதான் வேணும்னு பயலுவ ஒரே பிடி."

"உங்கள் ஊரில் ஒலிபெருக்கி இல்லையா, தம்பி?"

"இருக்கு. ஆனா உங்கள விட்டுட்டு எப்படி நடத்த? ஃபர்ஸ்ட் ஆஃப்ல எங்களுக்கு ஒரு எளவும் பிடிகிட்டல்ல. ஜெனோ அழுவான் போல ஆயிட்டான். அப்பந்தான் நீங்க வெவரமா சொல்லித் தந்தீங்க. எந்தக் கை, எங்க தொடுவான், எத்தன அடி, எல்லாம். எங்க கோச்சுகூட அப்படி சொல்லித் தந்ததில்ல. உங்களுக்கு ஒரு பொன்னாடை உண்டு பாட்டா."

அவன் கேலி செய்யவில்லை. மனதார நன்றி சொன்னான். கேலி செய்திருந்தால் நான் திருப்பிப் பேசியிருப்பேன்.

தாங்கள் கேட்க நினைப்பதை நானே சொல்லிவிடுகிறேன். போனேன். ஆம். நான் மறுத்திருக்க வேண்டும். ஐயா, வாழ்நாள் முழுவதும் மேடைக்குக் கீழே அமர்ந்து கம்பி திருகியவன் நான். எத்தனை தோள்களில் எத்தனை பொன்னாடைகள் விழக் கண்டிருக்கிறேன்! என் தோளில் ஒன்றும் விழுந்ததில்லை. அழைத்தவர்களை அவமதிப்பது பண்பாடு அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேடையில் என்னை "காற்பந்துப் பேரறிஞர்" என்று அறிமுகம் செய்தார்கள். கைதட்டல் நன்றாக இருந்தது. பொன்னாடை போர்த்த வந்தவன் ஜெனோ.

போர்த்திக்கொண்டே என் காதருகில் குனிந்தான். "பாட்டா, ஆட்டத்துக்கு மொத ஞாயித்துக்கெழம நான் அவங்கிட்ட கேட்டேன். 'மச்சான், உங்க தாழ்ப்பாளு எப்படிடே போடுவீங்க'ன்னு. சிரிச்சான். அத்த வச்ச மீன எந்தட்டுல போட்டு, 'தின்னுடே'ன்னான். அவ்வளவுதான். ஒரு வார்த்த வெளிய விடல்ல. உங்க ஊருல அவன எதுக்கு பாட்டா அப்படிச் சொல்லுகாங்க?"

பொன்னாடையின் ஜரிகை என் கழுத்தில் உறுத்தியது. நான், "மகிழ்ச்சி, தம்பி" என்றேன். அப்படித்தான் சொன்னேன். வேறு சொல் வரவில்லை. இத்தனை நூல் படித்தவனுக்கு.

அந்தப் பொன்னாடைதான் இந்தப் பையில் இருக்கிறது. இதனைப் பெர்ஜினின் தோளில் போர்த்திவிடலாம் என்பது என் எண்ணம். ஒரு கௌரவம் அல்லவா?

"பாட்டா, அது நீரு அவனுவள செயிக்க வச்சதுக்கு அவனுவ தந்த துண்டுல்லா? அதயா கொண்டு போயி தோத்தவனுக்குப் போடப் போறீரு?"

இந்த ரசல்ராஜுக்குச் சீட்டுக் கிழிக்கும் வேலை ஓய்ந்தால் இதுதான் வேலை. ஆனால் அவர் சொல்வதில் ஒரு சிறு நியாயம் இருப்பதாகவும் தோன்றுகிறது. போர்த்த வேண்டாம்.

உரை இருக்கிறது. அதை நான் நன்றாகத் தயாரித்திருக்கிறேன். ஒலிபெருக்கியில் சொன்ன பழியை ஒலிபெருக்கியில்தான் திரும்பப் பெற வேண்டும். அதற்காகவே இந்தக் குழாய். கோயில் முற்றத்தில் நின்று இப்படித் தொடங்குவேன். சற்றுக் கேளுங்கள். "அன்பார்ந்த கொம்பன்துறைப் பெருமக்களே! அண்மையில் நடைபெற்ற இறுதிப் போட்டியின்போது, ஒலிபெருக்கியின் வாயிலாகச் சில செய்திகள் எதிர்பாராத வகையில் வெளிப்பட்டுவிட்டன. அதன் பயனாகச் சிலருடைய மனத்தில் சில வருத்தங்கள் தோன்றியிருக்கக்கூடும். காலம் அனைத்தையும் ஆற்றும் என்ற நம்பிக்கையோடு…"

"நல்லாத்தான் இருக்கு பாட்டா. ஆனா இதுல நீரு எங்க நிக்கீரு? பெர்ஜின் எங்க நிக்கான்? ரெண்டு பேரும் ஆஃப்சைடா?"

பேருந்தே சிரிக்கிறது, பார்த்தீர்களா? தாங்களும் சிரிக்கிறீர்கள். பாதகமில்லை.

"இன்னொண்ணு கேக்கேன், கோவப்படாதயும். நீரு அவனத் திட்டினது பனங்காவிளையில. மாப்பு கேக்கது கொம்பன்துறையிலயா? கொம்பன்துறைக்காரன் எவனும் அவன ஒண்ணும் சொல்லல்லியே. அவனுவளுக்கு என்னத்துக்கு மைக்கு?"

ரசல்ராஜ், தாங்கள் தங்கள் வேலையைப் பாருங்கள்.

இல்லை. அவர் பேசட்டும். அவர் சொன்னது… ஐயா, இதை நான் யோசிக்காமல் இல்லை. பனங்காவிளையில் சொன்னால் மணியன் கொத்தனார் கேட்பார். வழக்கறிஞர்கள் கேட்பார்கள். நாளை முதல் நான் மைக்கை எடுத்தால் எவனாவது பின்னாலிருந்து, "தொட்டாச்சு" என்பான். இந்த வயதில் எனக்கு அந்தக் குரல் ஒன்றுதான் இருக்கிறது. கொம்பன்துறையார் என்னை அறியமாட்டார்கள். உரையைக் கேட்பார்கள், யாரோ பெரியவர், நன்றாகப் பேசுகிறார் என்பார்கள். நான் அடுத்த பேருந்தில் ஊர் திரும்பிவிடுவேன். அங்கே அவன் பெயர் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும்.

வாய்விட்டுச் சொல்லும்போது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது.

வேகம் குறைகிறது. கொம்பன்துறை வந்துவிட்டது. மீன் கூடை ஏற்றுவார்கள். சிறிது நேரம் நிற்கும். தாங்கள் சன்னல் பக்கம் அமர்ந்திருப்பது நல்லதாயிற்று. அதோ, சாலையை ஒட்டிய அந்த மணலில் பந்தாடுகிறார்கள், தெரிகிறதா? எல்லோருக்கும் கடைசியில், ஓடாமல் நிற்கிறானே, நீலக் கால்சட்டை. அவன்தான். கறுத்துவிட்டான். ஆனால் நிற்கும் நிலை மாறவில்லை. பார்த்தீர்களா, பந்து அவனிடமே போகிறது! அவனாகத் தேடிப் போகவில்லை. அதுதான் ஐயா பெர்ஜின். இப்போது அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் ஓங்கி உதைக்கப் போகிறான். பாருங்கள், பாருங்கள், அவன் வலது கையைப் பாருங்கள்! கழுத்துப் பட்டை இல்லாத பழைய பனியன்தான், ஆயினும் கை அங்கேதான் எழுகிறது, இதோ…

நின்றுவிட்டது.

பாதியில் நின்றுவிட்டது. கையைக் கீழே இறக்கிவிட்டான். பேருந்தைப் பார்க்கிறான். சன்னலெல்லாம் தலைகள். எல்லோரும் அவன் கையைப் பார்க்கிறீர்கள். நான்தானே பார்க்கச் சொன்னேன்? மறுபடியும் நான்தானே சொன்னேன்?

விசில் அடிக்காதீர்கள், ரசல்ராஜ். இறங்குகிறேன். ஐயா, சற்றுக் காலை ஒதுக்குங்கள். இல்லை, குழாய் வேண்டாம். அது வண்டியிலேயே இருக்கட்டும். ரசல்ராஜ், திரும்பிப் போகும்போது இதைப் பனங்காவிளைத் தேநீர்க் கடையில் இறக்கி வையுங்கள். மணியன் கொத்தனாரிடம் சொல்லுங்கள், ஞானதாஸ் வந்து பேசுவான், ஆட்களைக் கூட்டி வை என்று. என்ன பேசுவான் என்று கேட்டால், இரகசியத்தை மைக்கில் கூவியவன் ஞானதாஸ்தான், பெர்ஜின் அல்லன் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். பிறகு நான் மாற்ற முடியாதபடி சொல்லிவிடுங்கள்.

இந்தப் பொன்னாடையை அந்தக் குழாயின் வாயில் திணித்துவிடுங்கள் ஐயா. நன்றாக, உள்ளே வரைக்கும். வழியில் சத்தம் போடாமல் வரட்டும்.

இன்னும் ஓர் உதவி. நான் மணலில் நடந்து போய் அவனிடம் பேசி முடிக்கும்வரை, தயவுசெய்து யாரும் எங்களைப் பார்க்காதீர்கள். எல்லோரும் கடலைப் பாருங்கள்.